நான்கு பைட்டும் ஒரு தமிழ்ப் பெயரும்

போன இதழில் எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோடு சேர்ந்து ஓடும் குட்டி நிரல்) எழுதுவது பற்றி இரண்டு பத்தி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் முட்டி நிற்கின்றன: பிரவுசருக்குள் இருக்கும் எக்ஸ்டென்ஷன், கம்ப்யூட்டரில் ஓடும் சாஃப்ட்வேரோடு எப்படிப் பேசும்? அதனால் இந்த முறை முழுப் பக்கமும் அதற்கே.

கேள்வி: வணக்கம் மேடம். ஈரோட்டில் ஒரு நூல் குடோனில் கணக்கு, கம்ப்யூட்டர் இரண்டையும் நான்தான் பார்க்கிறேன். எலெக்ட்ரானிக் தராசிலிருந்து எடையைப் படிக்க பைத்தானில் ஒரு சாஃப்ட்வேர் எழுதி வைத்திருக்கிறேன். நூல் வாங்குபவர்கள், ஒவ்வொரு மூட்டையின் எடையையும் அவர்களுடைய வெப்சைட்டில் ஏற்றச் சொல்கிறார்கள். எங்கள் பையன் ஒரு திரையைப் பார்த்து இன்னொரு திரையில் தட்டுகிறான், 48.65 என்பது 46.85 ஆகிவிடுகிறது. ஒரு பட்டனை அழுத்தினால் எடை தானாகப் போய் உட்கார வேண்டும். நண்பர் ஒருவர், "உன் சாஃப்ட்வேருக்குள்ளேயே லோக்கல்ஹோஸ்ட்டில் ஒரு சர்வர் ஓட்டு, எக்ஸ்டென்ஷன் அதைக் கூப்பிடட்டும்" என்கிறார். செய்யலாமா?

பதில்: செய்ய முடியும். ஆனால் செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

லோக்கல்ஹோஸ்ட் என்பது உங்கள் கம்ப்யூட்டரேதான், 127.0.0.1 அதன் முகவரி. அங்கே ஒரு போர்ட்டை, அதாவது இணைப்பு வாங்கும் ஒரு கதவை, திறந்துவிட்டால், அந்தக் கதவை உங்கள் எக்ஸ்டென்ஷன் மட்டும் தட்டாது. அதே பிரவுசரில் பையன் மதியம் திறந்து பார்க்கும் எந்த வெப்சைட்டும் 127.0.0.1-க்கு ஒரு கோரிக்கை அனுப்பிப் பார்க்கலாம் (புதிய க்ரோம் முதலில் அனுமதி கேட்கும்; பையன் யோசிக்காமல் சரி என்று அழுத்தினால் போதும்). வெப்சாக்கெட் (தொடர்ந்து திறந்திருக்கும் இருவழி இணைப்பு) என்றால் இன்னும் மோசம். வழக்கமாக ஒரு தளத்தை இன்னொரு தளத்திலிருந்து பிரித்து வைக்கும் விதி அங்கே இணைப்பைத் தடுக்காது. யார் கூப்பிடுகிறார்கள் என்று ஒவ்வொரு முறையும், தளத்தின் பெயரைச் சொல்லும் ஆரிஜின் ஹெட்டரைப் பார்த்து நீங்கள்தான் விரட்ட வேண்டும். பெரிய கம்பெனிகளே இதில் சறுக்கியிருக்கின்றன. 2019 ஜூலையில் மேக் கம்ப்யூட்டர்களில் ஜூம் ரகசியமாக ஓட்டி வந்த லோக்கல் சர்வர் வெளிச்சத்துக்கு வந்தது. ஏதோ ஒரு வெப்சைட்டைத் திறந்தாலே கேமராவோடு மீட்டிங்கில் சேர்த்துவிட முடிந்தது. ஜூமை நீக்கிய பிறகும் அந்த சர்வர் தங்கியிருந்தது. கடைசியில் ஆப்பிளே ஒரு அப்டேட் அனுப்பி அதை எடுத்துப் போட்டது.

இதற்கென்றே பிரவுசர் ஒரு வழி வைத்திருக்கிறது. பெயர் நேட்டிவ் மெசேஜிங். க்ரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றிலும் உண்டு. எனக்கு இதோடு பழக்கம் வந்தது கட்டாயத்தினால்தான். பில் பிரிண்டருக்காக என்பிஏபிஐ என்ற பழைய முறையில் ஒரு பிளக்-இன் எழுதி, கோவையில் நாலைந்து கடைகளில் போட்டிருந்தேன். 2015 செப்டம்பரில் வந்த க்ரோம் 45 அந்த முறையையே அடியோடு எடுத்துவிட்டது. ஒரு வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் நேட்டிவ் மெசேஜிங்குக்கு மாற்றினேன். அன்றைக்கு அலுத்துக்கொண்டே செய்தேன். இன்றைக்கு அதை வேறெதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அது வேலை செய்யும் விதம் இப்படி. எக்ஸ்டென்ஷன் தன் மேனிஃபெஸ்ட்டில் (தன்னைப் பற்றிய விவரக் கோப்பில்) 'நேட்டிவ்மெசேஜிங்' என்ற அனுமதியைக் கேட்க வேண்டும். கம்ப்யூட்டர் பக்கம் ஒரு சின்ன ஜேசன் கோப்பு (பெயரும் மதிப்புமாக எழுதும் உரைக் கோப்பு) வைக்க வேண்டும். அதில் உங்கள் நிரலின் பெயர், அது இருக்கும் இடம், எந்த எக்ஸ்டென்ஷன் கூப்பிடலாம் என்ற பட்டியல் எல்லாம் இருக்கும். எக்ஸ்டென்ஷன் கூப்பிட்டதும் பிரவுசர் அந்தப் பட்டியலைச் சரிபார்த்து, உங்கள் நிரலைத் தானே தொடங்கி, அதன் ஸ்டாண்டர்ட் இன்புட்டிலும் அவுட்புட்டிலும், அதாவது நிரலுக்கென்றே உள்ள உள்வழியிலும் வெளிவழியிலும், பேசும். போர்ட் கிடையாது, நெட்வொர்க் கிடையாது. பட்டியலில் இல்லாத எக்ஸ்டென்ஷன் கூப்பிட்டால் பிரவுசரே திருப்பி அனுப்பிவிடும். வெப்சைட்டுகளுக்கு இந்த வழி நேரடியாகத் திறப்பதே இல்லை.

உங்கள் விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிரவுசர் உங்கள் நிரலைப் *புதிதாகத்* தொடங்கும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் எடை சாஃப்ட்வேரைத் தேடிப் போய்ப் பிடிக்காது. தராசு மாட்டியிருக்கும் காம் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் வைத்திருக்க முடியும். அதே சாஃப்ட்வேரை பிரவுசர் இரண்டாவது முறை தொடங்கினால், "போர்ட் திறக்க அனுமதி இல்லை" என்று அது செத்துப்போகும். நிறையப் பேர் இங்கேதான் நேட்டிவ் மெசேஜிங் சரியில்லை என்று முடிவுகட்டி லோக்கல்ஹோஸ்ட்டுக்கு ஓடுகிறார்கள்.

இடையில் ஒரு பாலம் போடுங்கள். நூறு வரிக்குள் அடங்கும் தனி நிரல் அது. பிரவுசர் தொடங்குவது அந்தப் பாலத்தை. பாலம், விண்டோஸின் நேம்டு பைப் (ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு நிரல்கள் பேசிக்கொள்ளும் குழாய்) வழியாக எடை சாஃப்ட்வேரிடம் கேட்டு, பதிலை வாங்கி பிரவுசருக்குத் தள்ளும். பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் கீபாஸ்எக்ஸ்சி இதே முறையைத்தான் வைத்திருக்கிறது: கீபாஸ்எக்ஸ்சி-ப்ராக்ஸி என்ற குட்டி நிரலை பிரவுசர் தொடங்கும், அது ஓடிக்கொண்டிருக்கும் பெரிய நிரலோடு பேசும். நீங்கள் பைத்தான்காரர் என்பதால் வேலை இன்னும் சுலபம். மல்டிபிராசஸிங் தொகுப்பிலேயே கனெக்ஷன் என்ற பகுதி இருக்கிறது. விண்டோஸில் நேம்டு பைப்பைத் திறந்து, ஒரு ரகசியச் சாவியும் வைத்துக்கொள்ளலாம்.

வெப்சைட் பக்கத்தில் இருக்கும் கட்டத்தை நிரப்புவது கன்டென்ட் ஸ்கிரிப்ட், அதாவது எக்ஸ்டென்ஷன் அந்தப் பக்கத்துக்குள் ஓட்டும் பகுதி. அந்த ஸ்கிரிப்டால் நேட்டிவ் மெசேஜிங்கை நேரடியாகக் கூப்பிட முடியாது. அது, எக்ஸ்டென்ஷனின் பின்னணியில் ஓடும் சர்வீஸ் வொர்க்கர் என்ற பகுதியிடம் சொல்ல, வொர்க்கர் பாலத்திடம் கேட்க, எடை வந்த வழியே திரும்பும். படிக்கும்போது நீளமாகத் தெரியும். ஒரு மூட்டை தராசில் உட்கார்ந்து ஆட்டம் நிற்பதற்கு ஆகும் நேரத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

கேள்வி: மேடம், நான் மதுரையில் எம்.சி.ஏ. படிக்கிறேன். நீங்கள் சொல்லும் இதே நேட்டிவ் மெசேஜிங்கை வைத்து ஒரு முகவரிப் புத்தகம் செய்தேன். பெயரை ஆங்கிலத்தில் கொடுத்தால் அருமையாக வேலை செய்கிறது. தமிழில் ஒரு பெயர் வந்துவிட்டால் இணைப்பே அறுந்துபோகிறது. பிரவுசருக்குத் தமிழ் ஆகவில்லையா?

பதில்: தம்பி, உன் கடிதத்தைப் படித்ததும் எழுந்துபோய்ப் பழைய நோட்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். இதே பிழையில் எனக்கு இரண்டு இரவு போயிருக்கிறது. பிரவுசர் மேல் குற்றமில்லை. எண்ணுவதில்தான் தவறு.

ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் நான்கு பைட் அனுப்ப வேண்டும் என்பது விதி. பின்னால் வரும் ஜேசன் எத்தனை *பைட்* நீளம் என்று அந்த நான்கும் சொல்லும். எத்தனை எழுத்து என்று அல்ல. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து ஒரு பைட் என்பதால் இரண்டும் ஒன்றாகவே இருக்கும், தவறு வெளியே தெரியாது. தமிழில் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறைப்படி ஒவ்வொரு குறியும் மூன்று பைட்.

'தமிழ்' என்ற சொல்லையே எடுத்துக்கொள். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கம்ப்யூட்டருக்கு த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து குறி. ஐந்து மூன்று பதினைந்து பைட். இரண்டு பக்கமும் மேற்கோள் குறி சேர்த்தால் 17. ஆனால் பைத்தானில் அந்தச் சரத்தின் நீளத்தைக் கேட்டால் 7 என்று சொல்லும். நீ 7 என்று எழுதி அனுப்பிவிட்டு, 17 பைட்டைக் கொட்டுகிறாய்.

பிரவுசர் என்ன செய்யும்? ஏழு பைட்டை எடுத்துக்கொண்டு செய்தி முடிந்தது என்று நினைக்கும். கையில் கிடைப்பது ஒரு மேற்கோள் குறியும் 'தம' என்ற அரைச்சொல்லும். அடுத்து வரும் நான்கு பைட், அடுத்த செய்தியின் நீளம் என்று எடுத்துக்கொள்ளும். அந்த இடத்தில் இருப்பதோ இகரக் கொக்கியின் மூன்று பைட்டும் 'ழ'வின் முதல் பைட்டும். அவற்றை எண்ணாகப் படித்தால் 377,06,58,528. முந்நூற்று எழுபத்தேழு கோடி பைட்டில் ஒரு செய்தி வருகிறதாம்! நிரலிலிருந்து பிரவுசருக்கு ஒரு செய்தி 1 எம்பிக்கு மேல் போகக்கூடாது என்பது உச்சவரம்பு. பிரவுசர் இணைப்பைத் துண்டித்துவிடும். நீ பார்ப்பது அதைத்தான்.

அந்த எண்ணை நான் காகிதத்தில் போட்டுப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது. நீயும் ஒருமுறை போட்டுப் பார்; அதற்கப்புறம் பைட்டையும் எழுத்தையும் வாழ்நாளில் குழப்பிக்கொள்ள மாட்டாய்.

தீர்வு ஒரே வரிதான். ஜேசனை முதலில் யூடிஎஃப்-8 பைட்டுகளாக மாற்று, *அப்புறம்* நீளத்தைக் கேள். இன்னொன்றும் கவனி. பைத்தானின் ஜேசன் தொகுப்பு, சும்மா விட்டால், தமிழ்க் குறி ஒவ்வொன்றையும் ஆறு ஆங்கில எழுத்துகளால் ஆன குறியீடாக மாற்றித்தான் அனுப்பும். அப்படி அனுப்பியிருந்தால் உன் பிழை வெளியே வந்திருக்கவே வந்திருக்காது. 'என்ஷ்யூர் ஆஸ்கி' என்ற அமைப்பை நீ அணைத்திருக்கிறாய் என்று நினைக்கிறேன், லாக் கோப்பில் தமிழ் தமிழாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. அதை அணைத்ததில் தப்பே இல்லை. எண்ணுவதை மட்டும் திருத்து.

படிக்கும் பக்கத்திலும் இதே பிழை வேறு உருவத்தில் காத்திருக்கும். பிரவுசர் "17" என்று சொல்லி 17 பைட் அனுப்பும். நீ ஸ்டாண்டர்ட் இன்புட்டை எழுத்து முறையில் படித்தால் 17 *குறிகள்* வரும்வரை காத்திருப்பாய். வந்தது ஏழுதான். நிரல் அப்படியே உறைந்து நிற்கும், பிழைச் செய்தி எதுவும் வராது. அதனால் படிப்பதும் எழுதுவதும் இன்புட், அவுட்புட்டின் 'பஃபர்' வழியாகவே, அதாவது பைட்டுகளாகவே, இருக்கட்டும். சி அல்லது சி++-இல் எழுதுகிறவர்கள், விண்டோஸில் இரண்டையும் பைனரி முறைக்கு மாற்றியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் 10 என்ற பைட் எங்கே வந்தாலும் அதற்கு முன்னால் 13 என்ற பைட்டை விண்டோஸ் தானாகச் சொருகிவிடும். ஜேசனில் வரி முறிப்பே இல்லாவிட்டாலும், செய்தி சரியாக 10 பைட் நீளம் என்றால் அந்த நீள எண்ணே கெட்டுப்போகும். இப்படி ஒரு பிழை எப்போதாவது ஒருமுறைதான் தலைகாட்டும், தேடிக் கண்டுபிடிக்க உயிர் போகும்.

அப்புறம், பிரிண்ட். சோதனைக்காக "இங்கே வந்தேன்" என்று ஒரு பிரிண்ட் வரி போட்டால் அதுவும் அதே அவுட்புட்டில் போய் விழும், பிரவுசர் அதன் முதல் நான்கு எழுத்தை நீளமாகப் படிக்கும். லாக் எல்லாம் ஸ்டாண்டர்ட் எரருக்கோ தனிக் கோப்புக்கோ போகட்டும். விண்டோஸில் பைத்தான் நிரலை ஒரு பேட்ச் கோப்பால் தொடங்குகிறாய் என்றால் முதல் வரியில் எக்கோவை அணைத்துவிடு. அந்த வரியை விட்டுவிட்டால், பேட்ச் கோப்பு தன் கட்டளைகளையே உரக்கப் படித்துக்கொண்டு ஓடும்; அதுவும் பிரவுசரின் காதில்தான் விழும்.

கேள்வி: என் கம்ப்யூட்டரில் நன்றாக ஓடுகிறது. அலுவலகத்தில் வேறு கம்ப்யூட்டரில் போட்டால் சிலவற்றில் 'ஹோஸ்ட் கிடைக்கவில்லை' என்றும், சிலவற்றில் 'ஹோஸ்டை அணுகத் தடை' என்றும் வருகிறது. கோப்புகள் எல்லாம் ஒன்றுதான். — திருச்சி வாசகி

பதில்: ஹோஸ்ட் என்பது பிரவுசர் தொடங்கும் உங்கள் நிரல்தான். இரண்டும் வெவ்வேறு நோய், பிரித்துப் பார்ப்போம்.

'கிடைக்கவில்லை' என்றால் பிரவுசர் உங்கள் ஜேசன் கோப்பையே பார்க்கவில்லை. விண்டோஸில் அதற்கு வழிகாட்டுவது ரெஜிஸ்ட்ரி, அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் பதிவேடு. கரன்ட் யூசர் கிளையில் சாஃப்ட்வேர், கூகுள், க்ரோம், நேட்டிவ்மெசேஜிங்ஹோஸ்ட்ஸ் என்று இறங்கி, உங்கள் ஹோஸ்டின் பெயரில் ஒரு கீ இருக்க வேண்டும். அதன் டிஃபால்ட் மதிப்பில் ஜேசன் கோப்பின் முழுப் பாதை இருக்க வேண்டும். எட்ஜுக்கு மைக்ரோசாஃப்ட், எட்ஜ் என்றும் ஃபயர்ஃபாக்ஸுக்கு மொசில்லா என்றும் கிளைகள் தனி. ஹோஸ்டின் பெயரில் ஆங்கிலச் சிறிய எழுத்து, எண், அடிக்கோடு, புள்ளி இவை மட்டுமே வரலாம். பெரிய எழுத்தோ ஹைஃபனோ வந்தால் ஏற்காது.

இதெல்லாம் சரியாக இருந்தும் சில கம்ப்யூட்டரில் மட்டும் கிடைக்கவில்லை என்றால், நான் முதலில் சந்தேகப்படுவது இன்ஸ்டால் செய்தவரை. ஒரு மில்லில் நான் பட்டது இது. அங்கே ஊழியர்களுக்குச் சாதாரண கணக்கு. இன்ஸ்டால் செய்ய அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். ஐடி பிரிவிலிருந்து ஒருவர் வந்து அட்மின் பாஸ்வேர்டு கொடுத்துப் போனார். இன்ஸ்டாலர் அட்மினாக ஓடியதால், கரன்ட் யூசர் என்று அது எழுதியது அட்மினின் ரெஜிஸ்ட்ரியில். ஊழியரின் க்ரோம் தேடியதோ ஊழியரின் ரெஜிஸ்ட்ரியில். பல பேர் பயன்படுத்தும் கம்ப்யூட்டர் என்றால் லோக்கல் மெஷின் கிளையில் எழுதிவிடுங்கள். எல்லோருக்கும் கிடைக்கும்.

'அணுகத் தடை' என்பது வேறு. கோப்பு கிடைத்துவிட்டது, பட்டியலில் உங்கள் எக்ஸ்டென்ஷன் இல்லை. க்ரோம் எக்ஸ்டென்ஷனின் ஐடி 32 ஆங்கில எழுத்து; அகரவரிசையின் முதல் பதினாறு எழுத்துகள் மட்டுமே அதில் வரும். ஃபோல்டரிலிருந்து நேரடியாக ஏற்றும் எக்ஸ்டென்ஷனுக்கு அந்த ஐடி, ஃபோல்டர் இருக்கும் பாதையிலிருந்து பிறக்கிறது. உங்களுடையது டி டிரைவில், இன்னொருவருடையது டெஸ்க்டாப்பில் என்றால் ஐடியும் வேறு. எக்ஸ்டென்ஷனின் மேனிஃபெஸ்ட்டில் 'கீ' என்ற இடத்தில் பொதுச்சாவியை எழுதிவிட்டால் எங்கே வைத்தாலும் ஐடி மாறாது. ஜேசன் கோப்பில் அந்த ஐடியை முகவரியாக எழுதும்போது கடைசியில் ஒரு சாய்கோடு வர வேண்டும். அதை விட்டால் வேலை செய்யாது. ஃபயர்ஃபாக்ஸ் பட்டியலில் முகவரிக்குப் பதில் நீங்களே வைக்கும் ஐடி, பட்டியலின் பெயரும் வேறு. அதனால் இரண்டு பிரவுசருக்கும் இரண்டு ஜேசன் கோப்பு தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு முறை கேட்கும்போதும் நிரல் புதிதாகத் தொடங்கி முடிகிறது. தொடர்ந்து ஓட வைக்க முடியாதா?

பதில்: முடியும். 'சென்ட்நேட்டிவ்மெசேஜ்' ஒவ்வொரு செய்திக்கும் புது நிரல் தொடங்கும். 'கனெக்ட்நேட்டிவ்' ஒரே நிரலை இணைப்பு இருக்கும்வரை வைத்திருக்கும். சும்மா இருக்கும் சர்வீஸ் வொர்க்கரை க்ரோம் 30 விநாடியில் நிறுத்திவிடும் என்று பயப்பட வேண்டாம். க்ரோம் 105 முதல், கனெக்ட்நேட்டிவ் இணைப்பு திறந்திருக்கும்வரை வொர்க்கரும் உயிரோடு இருக்கும். நிரல் பக்கம் இன்புட் மூடிவிட்டது என்று தெரிந்ததும் அமைதியாக வெளியேறுங்கள். அதைச் செய்யாமல் விட்ட நிரல்கள் டாஸ்க் மேனேஜரில் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: இப்படி ஒரு வழி திறந்தால் வைரஸுக்கும் வழி திறந்ததாகாதா? — சேலம் வாசகர்

பதில்: நீங்கள் எழுதும் நிரலைப் பொறுத்தது. அது பிரவுசரின் வேலிக்கு வெளியே, உங்கள் கணக்கின் முழு உரிமையோடு ஓடுகிறது. எந்தக் கோப்பையும் அழிக்கும் சக்தி அதற்கு உண்டு. அதனால் என்னிடம் வேலை கற்க வரும் பிள்ளைகளிடம் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்: "இந்தக் கட்டளையை ஓட்டு" என்று ஒரு செய்தி வகை வைக்கவே கூடாது. "எடை என்ன" என்று ஒரு செய்தி, "பில் அடி" என்று ஒரு செய்தி. தெரியாத எதுவும் வந்தால் மறுப்பு. எக்ஸ்டென்ஷன் பக்கமும், எந்த வெப்சைட்டின் பக்கத்திலிருந்து கேட்கிறார்கள் என்று வொர்க்கர் பார்க்க வேண்டும். கன்டென்ட் ஸ்கிரிப்டை அந்த ஒரு வெப்சைட்டுக்கு மட்டும் கட்டிப்போடுங்கள். எல்லாத் தளங்களுக்கும் அனுமதி கேட்க உங்களுக்கு ஒரு காரணமும் இல்லை.

கேள்வி: எங்களிடம் தராசு மட்டும்தான் இருக்கிறது, சாஃப்ட்வேர் எதுவும் இல்லை. வெப்சைட்டும் எங்களுடையதே. எக்ஸ்டென்ஷனும் பாலமும் எழுதத்தான் வேண்டுமா? — கரூர் வாசகி

பதில்: வேண்டாம். 2021-இல் வந்த க்ரோம் 89 முதல் வெப் சீரியல் என்ற வசதி டெஸ்க்டாப் க்ரோமில் இருக்கிறது, எட்ஜிலும் இருக்கிறது. உங்கள் வெப்சைட் ஹெச்டிடிபிஎஸ்-இல் இருந்தால், ஊழியர் ஒருமுறை பட்டனை அழுத்தி, தராசின் போர்ட்டைத் தேர்ந்தெடுத்து அனுமதி கொடுத்தால் போதும், பக்கமே எடையைப் படித்துக்கொள்ளும். தராசின் பாட் வேகம் (தகவல் அனுப்பும் வேகம்) என்ன, எடையை எந்த வடிவத்தில் அனுப்புகிறது என்பதை அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே நான் எழுதிய எதுவும் உங்களுக்குத் தேவைப்படாது.